காத்திருப்பிலிருந்து பயிற்சிக்கு: சோழர் தலைநகர் வட்டாரத்தில் வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைகளின் வரலாறு

இரண்டாம் குலோத்துங்கன் 1133 முதல் 1150 வரை கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட காலத்தில், அவனுடைய அவைக்களப் புலவரான ஒட்டக்கூத்தர் அவனைக் குழந்தையாகப் பாவித்துப் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ், இன்று கிடைக்கும் பிள்ளைத்தமிழ் நூல்களுள் காலத்தால் முந்தியதாகக் கருதப்படுகிறது. பாட்டுடைத் தலைவனைப் பச்சிளம் பருவத்தில் வைத்து, அவன் வளரும் நிலைகளைப் பத்துப் பருவங்களாக வகுத்துப் பாடுவதே பிள்ளைத்தமிழின் இலக்கணம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்னும் ஏழும் ஆண், பெண் இருபாலுக்கும் பொதுவானவை; சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்னும் மூன்றும் ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்கு உரியவை. இலக்கியமாக மட்டுமே படிக்கப்பட்டுவரும் இப்பகுப்பு, குழந்தை வளர்ச்சியைப் பற்றிய கூர்மையான கவனிப்பின் பதிவாகவும் படிக்கத்தக்கது.

குழந்தை இரு கைகளையும் ஒரு முழங்காலையும் ஊன்றித் தலையை நிமிர்த்தி அசைவதைக் குறிக்கும் செங்கீரைப் பருவத்தைப் பாட்டியல் நூல்கள் ஐந்தாம் மாதத்தை ஒட்டியும், இரு கைகளையும் சேர்த்துக் கொட்டும் சப்பாணிப் பருவத்தை ஒன்பதாம் மாதத்தை ஒட்டியும், தளர்நடையிட்டு வரும் வாரானைப் பருவத்தை ஓராண்டு நிறைவை ஒட்டியும் வைத்துள்ளன. நூலுக்கு நூல் மாதக் கணக்கு சற்று வேறுபட்டாலும், அவை கூறும் வரிசை மாறுவதில்லை. குழந்தை மருத்துவத்தில் இன்று பயன்படும் வளர்ச்சி அட்டவணைகளும், கழுத்து நிற்றல், கவிழ்தல், கையூன்றுதல், உட்காருதல், கைகொட்டுதல், நிற்றல், நடத்தல் என ஏறத்தாழ இதே வரிசையைத்தான் கூறுகின்றன. கழுத்திலிருந்து இடுப்புக்கும், இடுப்பிலிருந்து காலுக்கும் உடலின் கட்டுப்பாடு இறங்கிவரும் முறையைத் தமிழ்த் தாய்மார் மருத்துவ நூல் எதுவும் சொல்லித்தராமலே அறிந்திருந்தனர் என்பதற்கு இவ்விலக்கிய வகையே சான்று.

எனினும், இப்பருவங்கள் உரிய மாதங்களில் வந்து சேராத குழந்தையைப் பற்றி அவ்விலக்கியத்தில் இடம் இல்லை. அரசனையும் இறைவனையும் பாடுவதற்கென எழுந்த வடிவத்தில் அது இருக்கவும் இயலாது. ஒரு குழந்தை தன் வயதுக்குரிய இயக்கம், பேச்சு, அறிதல், பிறரோடு பழகுதல் ஆகியவற்றைக் குறிப்பிடத்தக்க அளவு பிந்தி அடைவதையே வளர்ச்சித் தாமதம் என்கின்றனர். குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது மூளைக்கு உயிர்வளி குறைதல், டவுன் சிண்ட்ரோம் போன்ற மரபணு வேறுபாடுகள், மூளைக் காய்ச்சல், தைராய்டு சுரப்புக் குறைவு, செவித்திறன் இன்மை, ஆட்டிசம் என இதற்குக் காரணங்கள் பல. இக்காரணங்களிற் பல எக்காலத்துக்கும் உரியவை. ஆகவே சோழர் தலைநகரின் தெருக்களிலும் இத்தகைய குழந்தைகள் பிறந்திருப்பர். அவர்களை வளர்த்த வரலாறு, நெடுங்காலம் காத்திருப்பின் வரலாறாக இருந்து, கடந்த ஐம்பது ஆண்டுகளுக்குள் பயிற்சியின் வரலாறாக மாறியிருக்கிறது. அம்மாற்றத்தைத் தொடங்கிவைத்தவர்கள் பெரும்பாலும் பெற்றோரே.

நோயுற்றோரைப் பேணும் அறம் சோழ அரசுக்குப் புதியதன்று. தஞ்சாவூரில் குந்தவைப் பிராட்டியார் தம் தந்தையின் பெயரால் ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, ஒன்றுக்கு நிலம் அளித்த செய்தி கல்வெட்டில் உள்ளது. இராசேந்திர சோழனின் மகனும் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்டவனுமான வீரராசேந்திரனின் திருமுக்கூடல் கல்வெட்டு இதைவிட விரிவானது. வேத பாடசாலை மாணவர்க்கும் கோயில் பணியாளர்க்கும் உரியதாக அங்கு நடந்த ஆதுலர் சாலையில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொணர்வோர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் ஆகியோருக்கு உரிய ஊதியமும், ஆண்டு முழுவதும் இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் அதில் முறையாகக் குறிக்கப்பட்டுள்ளன. இவ்வளவு நுணுக்கமான ஏற்பாட்டிலும் மருத்துவத்தின் இலக்கு நோய் தீர்வதே. தீர்க்கக்கூடிய நோயாக இல்லாமல், வாழ்நாள் முழுதும் உடன்வரும் ஒரு நிலையோடு பிறந்த குழந்தைக்கு நாள்தோறும் அளிக்க வேண்டிய பயிற்சி அச்சாலைகளின் பணிகளுள் காணப்படவில்லை.

தமிழ் இலக்கியம் இக்குழந்தைகளை அறியாமல் இல்லை. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய 28ஆம் புறநானூற்றுப் பாடல், மக்கட் பிறப்பில் நேரும் குறைகளை எட்டாக வகைப்படுத்துகிறது. பார்வையின்மை, உருவமற்ற தசைப்பிண்டமாகப் பிறத்தல், கூன், குறுகிய உடல், பேச்சின்மை, கேளாமை ஆகிய உடற்குறைகளோடு அறிவு வளர்ச்சி தொடர்பானவையாகக் கொள்ளத்தக்க இரண்டும் அப்பட்டியலில் உள்ளன. ஆயினும், அத்தகைய பிறப்பால் பயனில்லை என்னும் பழைய கருத்தைச் சொல்லவே அப்பட்டியல் அங்கு இடம்பெறுகிறது. மணிமேகலை இதனின்றும் விலகி நிற்கிறது. கண் காணாதார், செவி கேளாதார், கால் முடமானார், பேணுவார் அற்றோர் அனைவரையும் அழைத்து உணவளிக்கும் அறத்தை அது உயர்த்திப் பேசுகிறது. முதலாவது நோக்கில் இம்மக்கள் பயனற்றவர். இரண்டாவது நோக்கில் அருளுக்கு உரியவர். இவ்விரு நோக்குகளுக்கு அப்பால், இவர்கள் கற்கக்கூடியவர், வளரக்கூடியவர் என்னும் மூன்றாம் நோக்கு உருவாக நெடுங்காலம் பிடித்தது.

சமய மரபு வேறொரு வழியில் இக்குழந்தைகளை ஏற்றுக்கொண்டது. திருக்குருகூரில் பிறந்த நம்மாழ்வார், பிறந்தபோதே அழாமலும் பால் உண்ணாமலும் இருந்து, பின்னர்ப் புளிய மரத்தடியில் 16 ஆண்டுகள் பேசாமல் அமர்ந்திருந்தார் என்பது வைணவ குருபரம்பரைச் செய்தி. அவருடைய பாசுரங்களைத் தேடித் தொகுத்தவராகப் போற்றப்படும் நாதமுனிகள், கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அண்மையிலுள்ள காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்தவர். ஆகவே இவ்வட்டாரத்து வைணவக் குடும்பங்களுக்கு இது தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பழகிய கதை. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசாதிருந்து, பெற்றோர் திருச்செந்தூர் சந்நிதியில் தவமிருந்ததன் பயனாகப் பேசத் தொடங்கினார் என்பது சைவ மரபு. மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைப் பாடியவரும் அவரே என்பது குறிப்பிடத்தக்கது. பேசாத குழந்தையை இழிவாகக் கருதாமல் தெய்வக் குழந்தையாகப் பார்க்கும் பரிவை இக்கதைகள் தமிழ் வீடுகளுக்குத் தந்தன. அதே வேளையில், காலம் வந்தால் தானே பேசும், தானே நடக்கும் என்னும் நம்பிக்கையையும் அவை ஊன்றிவிட்டன. மூளை வேகமாக வளர்ந்து, புதிய இணைப்புகளை எளிதில் உருவாக்கிக்கொள்ளும் முதல் மூன்று ஆண்டுகள் இந்த நம்பிக்கையிலேயே கழிந்துவிடுவதைத்தான் இன்றைய சிகிச்சையாளர்கள் பேரிழப்பாகக் கருதுகின்றனர்.

வீடுகள் கைகட்டிக் காத்திருந்தன என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. பாலவாகடம் என்னும் குழந்தை மருத்துவ நூல்மரபும், அதைச் சார்ந்த வீட்டு வைத்தியமும் சிசுவின் உடலை நாள்தோறும் கவனித்தன. வசம்பு, சுக்கு, கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய் ஆகியவற்றை வேகவைத்து உலர்த்தி வைத்துக்கொண்டு, கல்லில் தாய்ப்பால் விட்டு உரைத்துப் புகட்டும் உரை மருந்து தமிழகமெங்கும் வழங்கியது. பேச்சு வரத் தாமதமானால் வசம்பை நாவில் தடவுவதும் வழக்கமாயிற்று. பச்சிளங் குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்கலாகாது என்பது இன்றைய மருத்துவத்தின் அறிவுரை என்பதால் இவ்வழக்கம் குறைந்துவருகிறது. நோய்ப்பட்டும் தேறாமலும் இருக்கும் குழந்தையைக் கோயிலுக்கோ உறவினருக்கோ தத்துக் கொடுத்துவிட்டுத் தவிட்டை விலையாகக் கொடுத்துத் திரும்ப வாங்குவதும், குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் எனப் பெயரிடுவதும், தீய சக்தியின் கண்ணிலிருந்து குழந்தையை மறைக்கும் முயற்சிகளாகும்.

இவ்வழக்கங்களுள் சிகிச்சை நோக்கில் மிகுந்த மதிப்புடையது குழந்தையைக் குளிப்பாட்டும் முறை. பாட்டி தரையில் கால்களை நீட்டி அமர்ந்து, கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடையே குழந்தையைக் கிடத்தி, நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தடவி, மார்பின் குறுக்கே கைகளை மாற்றி மடக்கி விரித்து, கால்களை மடித்து நீட்டி, பின்பு குப்புறக் கிடத்தி முதுகை நீவிவிடுகிறார். இறுக்கமான தசைகளை வெதுவெதுப்பில் தளர்த்துதல், மூட்டுகளை அவற்றின் முழு எல்லைக்கும் அசைத்தல், குப்புற வைத்துத் தலையைத் தூக்கத் தூண்டுதல், தொட்டும் பேசியும் குழந்தையின் கவனத்தை ஈர்த்தல் என்று இயன்முறை மருத்துவர் சொல்லும் நான்கும் இந்த ஒரே குளியலில் அடங்கிவிடுகின்றன. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதையும் வாய்க்குள் விரலிட்டுச் சளி எடுப்பதையும் தவிர்த்தால் போதும். தசை இறுக்கமுள்ள குழந்தைக்கு எப்பக்கம் மெதுவாக அசைக்க வேண்டும் என்பதைப் பாட்டிக்குக் கற்றுக்கொடுத்தால், நாள்தோறும் தவறாது நடக்கும் சிகிச்சையாக அது மாறிவிடுகிறது. ஆயினும் மரபு வழியில் எல்லாக் குழந்தைக்கும் ஒரே வகையாகவே இந்நீவுதல் நடந்தது. தாமதமாக வளரும் குழந்தைக்கு அடுத்து என்ன வர வேண்டும் என்னும் இலக்கு அதில் இருக்கவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சி இக்குழந்தைகளைச் சட்டத்தின் சொற்களுக்குள் கொண்டுவந்தது. 1858ஆம் ஆண்டின் மனநோயர் சட்டமும் அதற்குப் பின் வந்த 1912ஆம் ஆண்டின் இந்திய மனநோயர் சட்டமும், பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியவரையும் பிற்காலத்தில் மனநோய் கொண்டவரையும் ஒரே வரையறைக்குள் அடக்கின. சென்னையில் 1794இல் தொடங்கி 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம்மாறிய மனநோய்க் காப்பகமே இச்சட்டங்களின் கீழ் அரசு காட்டிய வழி. காவேரிக்கும் வெள்ளாற்றுக்கும் இடைப்பட்ட சிற்றூர்களிலிருந்து ஒரு குழந்தையை அங்கு கொண்டு சேர்ப்பது பெரும்பாலோரால் நினைக்கவும் முடியாத ஒன்று. ஆகவே இக்குழந்தைகள் வீட்டிலேயே, அரசின் கணக்குக்கு வெளியே வளர்ந்தனர். அறிவு வளர்ச்சிக் குறைபாடு மனநோய் அன்று என்பதை இந்தியச் சட்டம் தெளிவாகப் பிரித்துச் சொன்னது 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தில்தான்.

இதே காலத்தில் மேற்கு நாடுகளில் மூன்று அறிவுத்துறைகள் வளர்ந்து, பின்னர்த் தமிழகம் வந்து சேர்ந்தன. லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் 1860களின் தொடக்கத்தில், கடினமான பிரசவத்துக்கும் குழந்தையின் கைகால் இறுக்கத்துக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினார். மூளை முடக்குவாதம் என இன்று வழங்கும் நிலை நெடுங்காலம் அவர் பெயராலேயே அறியப்பட்டது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆர்னால்டு கெசல், குழந்தைகள் எந்தெந்த மாதத்தில் என்னென்ன செய்கின்றனர் என்பதை நூற்றுக்கணக்கான குழந்தைகளைக் கவனித்து 1920களில் அட்டவணைப்படுத்தினார். பெர்லினிலிருந்து தப்பி லண்டனில் குடியேறிய கார்ல் போபாத், பெர்தா போபாத் தம்பதியர், மூளை முடக்குவாதமுள்ள குழந்தையின் உடலைக் கையாளும் முறையால் தசை இறுக்கத்தைக் குறைத்து இயல்பான அசைவுகளைத் தூண்டலாம் எனக் காட்டினர். காரணத்தை அறிதல், வளர்ச்சியை அளத்தல், அசைவைப் பயிற்றுவித்தல் ஆகிய இம்மூன்றும் சேர்ந்ததே இன்றைய ஆரம்பநிலை இடையீடு, அதாவது குறைபாடு முற்றிவிடும் முன்பே குழந்தையின் முதல் ஆண்டுகளில் அளிக்கும் பயிற்சி.

தமிழகத்தில் மறுவாழ்வு மருத்துவத்துக்கு அடித்தளம் இட்டவை தொழுநோயும் இளம்பிள்ளை வாதமும். 1954இல் நேர்ந்த விபத்தால் நடக்கும் திறனை இழந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை செய்த மருத்துவர் மேரி வர்கீஸின் முயற்சியால், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் 1966இல் உருப்பெற்றது. கால் சூம்பிய குழந்தைக்குத் தாங்கு கருவியும் நடைப் பயிற்சியும் அளிக்கும் இயன்முறை மருத்துவம் அரசு மருத்துவமனைகளில் மெல்லப் பரவியது. இளம்பிள்ளை வாதம் தடுப்பு மருந்தால் ஒழிந்து, 2014இல் இந்தியா அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டபோது, அதற்கெனப் பயின்ற கைகள் வேறு குழந்தைகளை நோக்கித் திரும்பின. பச்சிளங் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகள் மாவட்ட மருத்துவமனைகள் வரை வந்ததால், முன்பு பிழைத்திராத குறைமாதக் குழந்தைகளும் பிழைத்தனர். அவர்களுட் சிலருக்கு நீண்ட காலப் பயிற்சி தேவைப்பட்டது.

இக்குழந்தைகளுக்கென்றே நிறுவனங்கள் எழுந்த வரலாற்றில் பெற்றோரின் பெயர்களே முதலில் நிற்கின்றன. டவுன் சிண்ட்ரோம் கொண்ட தம் மகளுக்காக வக்கீல் தம்பதியர் 1944இல் மும்பையில் தொடங்கிய ஜெய் வக்கீல் பள்ளியும், மூளை முடக்குவாதமுள்ள மகளின் தாயான மிது ஆலூர் 1972இல் அங்கு நிறுவிய ஸ்பாஸ்டிக்ஸ் சங்கமும், அத்தகைய மகனின் தாயான பூனம் நடராஜன் 1985இல் சென்னையில் தொடங்கிப் பின்னர் வித்யா சாகர் எனப் பெயர் பெற்ற நிறுவனமும் இதற்குச் சான்றுகள். தென்காசியை அடுத்த ஆய்க்குடியில், கடற்படை அதிகாரித் தேர்வின்போது 1975இல் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், சிற்றூர்களில் இப்பணியைச் செய்ய இயலும் என்பதை நிலைநாட்டியது. அங்கு பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று, குழந்தையின் முன்னேற்றத்தைக் கைபேசிச் செயலியில் பதிந்து, தொலைவிலுள்ள சிகிச்சையாளரின் வழிகாட்டலைப் பெற்றுப் பயிற்சியளிக்கின்றனர்.

பச்சிளம் பருவத்திலேயே தொடங்கும் பயிற்சிக்குத் தமிழகத்தில் திட்டமான உருக்கொடுத்தது, சென்னையில் 1989இல் தொடங்கப்பட்ட மதுரம் நாராயணன் மையம். ஜெயா கிருஷ்ணசாமியின் தலைமையில் அங்கு நடைபெற்ற உபநயன் திட்டத்தில், பிறப்பு முதல் இரண்டு வயது வரைக்குரிய வளர்ச்சி, இயக்கம், தன்வேலை, மொழி, அறிதல், சமூகப் பழக்கம் என ஐந்து துறைகளாகப் பகுக்கப்பட்டு, துறைக்கு 50 வீதம் 250 திறன்களாக வரிசைப்படுத்தப்பட்டது. ஒவ்வொரு திறனுக்கும் வீட்டுப் பொருள்களைக் கொண்டு செய்யத்தக்க செயல்கள் அட்டைகளில் எழுதப்பட்டன. பயிற்சியின்போது தாயோ தந்தையோ குழந்தையுடன் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. சிகிச்சை இலக்கு என்னும் கருத்து இங்குதான் தெளிவு பெறுகிறது. 'குழந்தை உட்கார வேண்டும்' என்பது ஆசை. 'பின்னால் தலையணை அணைத்து, முன்னால் பலகையில் இரு கைகளையும் ஊன்றி, மூன்று நிமிடம் தலை சாயாமல் உட்கார வேண்டும்' என்பது இலக்கு. அது கைகூடியபின் ஒரு கையை எடுத்துக் கிலுகிலுப்பையைப் பற்றுதல் அடுத்த இலக்காகும். எட்டு மாதக் குழந்தைகள் தாமாகவே செய்யும் ஒன்றை இருபது மாதக் குழந்தை பத்துச் சிறு படிகளாகப் பிரித்துக் கற்கிறது. ஒவ்வொரு படியும் குறிக்கப்படுவதால், வெளியார் கண்ணுக்குப் புலப்படாத முன்னேற்றம் தாயின் கண்ணுக்குப் புலப்படுகிறது.

தாமதத்தைக் கண்டறியும் கருவியும் அண்டை மாநிலத்திலேயே உருவானது. திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் மருத்துவர் எம்.கே.சி. நாயர் குழுவினர் 1990களின் தொடக்கத்தில் வெளியிட்ட அட்டவணையில், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை செய்ய வேண்டிய 17 செயல்கள் மட்டுமே உள்ளன. குழந்தையின் வயது மாதத்துக்கு நேராகப் பென்சிலை நெட்டுக்குத்தாக வைத்து, அதன் இடப்பக்கம் முடிந்துவிடும் செயல்களுள் குழந்தை செய்யாதது எதுவும் உண்டா எனப் பார்த்தால் போதும்; கிராமப் பணியாளர் ஒருவர் சில நிமிடங்களில் அதைச் செய்துவிட முடியும். தாயின் முகம் பார்த்துச் சிரிப்பதில் தொடங்கும் அப்பதினேழில் கைகொட்டுதலும் ஒன்று. சப்பாணி கொட்டுவதை ஒன்பதாம் மாதத்தின் அடையாளமாகக் கொண்ட சோழர் காலப் புலவரும், அதே செயலை அறிவியல் அளவையாகக் கொண்ட மருத்துவரும் ஒரே உண்மையைக் கண்டவர்கள். புலவர் அதைத் தலைவனின் பெருமையாகப் பாடினார். மருத்துவர், அது நிகழாதபோது உடனே உதவி தொடங்க வேண்டும் என்பதற்கான குறியாக ஆக்கினார்.

இவ்வறிவு கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வந்து சேர்ந்த பாதை நிர்வாக எல்லைகளோடு பிணைந்தது. இப்பகுதி 1995 வரை ஒன்றுபட்ட திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் கிழக்கு ஓரமாக இருந்ததால், மாவட்ட அளவிலான எச்சேவைக்கும் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் செல்ல வேண்டியிருந்தது. அவ்வாண்டு பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. 2001இல் பிரிந்து மறு ஆண்டே மீண்டும் இணைக்கப்பட்ட அரியலூர், 2007 நவம்பரில் நிலையான தனி மாவட்டமாயிற்று. இப்பிரிவினைகளின் பயனாகத்தான் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமும், அடையாள அட்டைக்கான மருத்துவ முகாமும், மாவட்டத் தலைமை மருத்துவமனையும் இவ்வட்டாரப் பெற்றோருக்கு நெருங்கி வந்தன. 2022இல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது இவ்வரிசையின் அண்மைய படி.

ஊருக்குள் குழந்தையை முதலில் காணும் இடமாகப் பால்வாடி, அதாவது அங்கன்வாடி, அமைந்தது. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமும், 1980இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டமும் குழந்தைகளை மாதந்தோறும் எடை போடும் பழக்கத்தைச் சிற்றூர்களில் நிலைநாட்டின. எடை குறைந்த குழந்தைக்குச் சத்துமாவு கிடைத்தது. எடை சரியாக இருந்தும் கழுத்து நிற்காத குழந்தை அந்தப் பதிவேட்டில் நலமுள்ள குழந்தையாகவே பதிவாகியது. இக்குறையை நிரப்ப வந்ததே 2013இல் தொடங்கப்பட்ட தேசிய குழந்தைகள் நலத் திட்டம். பிறவிக் குறைபாடுகள், சத்துக் குறைவுகள், நோய்கள் ஆகியவற்றோடு வளர்ச்சித் தாமதமும் அதில் ஒரு தனிப் பிரிவாகச் சேர்க்கப்பட்டது. நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை ஒவ்வோர் அங்கன்வாடிக்கும் சென்று பரிசோதிப்பதும், தாமதம் ஐயுறப்படும் குழந்தையை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவதும், அங்கு குழந்தை மருத்துவர், இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், சிறப்பாசிரியர் ஆகியோர் ஒருங்கே பார்ப்பதும் அத்திட்டத்தின் அமைப்பு.

சட்டங்களும் இதற்குத் துணை நின்றன. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்றது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கென 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. 2016ஆம் ஆண்டின் சட்டம் ஏற்கப்படும் குறைபாடுகளை 21 ஆக விரித்தது. தமிழக அரசு கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கு வழங்கும் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை 2023 முதல் 2,000 ரூபாயாக உயர்ந்தது. ஆயினும் இவ்வுரிமைகள் பெரும்பாலும் 40 விழுக்காட்டுக் குறைபாடு என்னும் சான்றிதழைச் சார்ந்தவை. ஒன்றரை வயதுக் குழந்தையின் தாமதம் நிலையான குறைபாடாக முடியுமா, பயிற்சியால் பெருமளவு நீங்குமா என்பது அவ்வயதில் முடிவாகத் தெரியாது. ஆகவே பயிற்சி மிகுந்த பயன் தரும் வயதில்தான் சான்றிதழ் எட்டாத தொலைவில் நிற்கிறது.

அதற்கு மேலாக நிற்பது பிழைப்பு. செயங்கொண்டம், ஆண்டிமடம், உடையார்பாளையம் பகுதிகளின் முந்திரித் தோப்புகளிலும், நெசவுத் தறிகளிலும், நூறு நாள் வேலையிலும் கூலி ஈட்டும் தாய், வாரத்தில் இருமுறை குழந்தையைத் தூக்கிக்கொண்டு அரியலூருக்குப் பேருந்தில் சென்றுவந்தால் அந்நாட்களின் கூலியை இழக்கிறாள். அவளோடு செல்ல வேண்டிய கணவன் பல வீடுகளில் வெளியூரில் வேலை செய்கிறான். 'இவ வயித்துல வந்த குறை' என்னும் பழிச்சொல்லையும் அவளே கேட்டுக்கொள்கிறாள். மருத்துவக் காரணங்களை அறிந்தபின் அப்பழிக்கு எவ்வித அடிப்படையும் இல்லை என்பதை ஊர்ச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் மாமியாரையும் அமர்த்தி வைத்துச் சொல்வது, எப்பயிற்சிக்கும் முற்பட்ட பயிற்சி.

இலக்குகளின் தன்மையும் உலகெங்கும் மாறிவருகிறது. அசைவு இயல்பான வடிவில் அமைய வேண்டும் என்பதையே வற்புறுத்திய காலம் போய், குழந்தை தன் வாழ்க்கையில் பங்குகொள்ள எது உதவுமோ அதுவே இலக்கு என்னும் கருத்து வலுப்பெற்றுள்ளது. ராபர்ட் பாலிசானோ குழுவினர் 1997இல் வகுத்த ஐந்து நிலைப் பகுப்பு, மூளை முடக்குவாதமுள்ள குழந்தை எந்த அளவு இயங்கக்கூடும் என்பதைப் பெற்றோருக்கு நேர்மையாகச் சொல்ல உதவியது. 2012இல் பீட்டர் ரோசன்பாமும் ஜான் வில்லம் கோர்ட்டரும், செயல், குடும்பம், உடல்திறன், மகிழ்ச்சி, நட்பு, எதிர்காலம் ஆகிய ஆறையும் சேர்த்து நோக்க வேண்டும் என வலியுறுத்தினர். இக்கருத்து இம்மண்ணுக்கு இயல்பாகவே பொருந்துகிறது. நாற்காலியில் அமர்தலும் மாடிப்படி ஏறுதலும் அயல்நாட்டு அட்டவணைகளின் திறன்கள். தரையில் சம்மணமிட்டு அமர்ந்து தட்டிலிருந்து கையால் சோறெடுத்து உண்ணுதல், வாசற்படியைப் பிடித்துத் தாண்டுதல், கழிப்பறையில் குந்துதல், தெருவில் பிற குழந்தைகள் விளையாடும் இடத்தில் தானும் இருத்தல் ஆகியவை இவ்வட்டாரக் குழந்தையின் இலக்குகள். மூங்கிலால் கட்டிய இணைக் கம்பிகளும், ஆசாரி செய்து தரும் மூலை நாற்காலியும், பழைய துணி சுற்றிய உருளைத் தலையணையும் இவற்றுக்குப் போதுமான கருவிகள் என்பதை டேவிட் வெர்னர் 1987இல் எழுதிய நூலும், உலக நலவாழ்வு நிறுவனத்தின் சமூகம்சார் மறுவாழ்வுக் கையேடுகளும் முன்பே காட்டியுள்ளன.

வளர்ச்சி அட்டவணையைக் குழந்தையை மதிப்பிடும் தீர்ப்பாகக் கொண்டால் அது பெற்றோரை முறிக்கும். இக்குழந்தைக்கு அடுத்த படி எது எனக் காட்டும் வழிகாட்டியாகக் கொண்டால் அது அவர்களைத் தாங்கும். ஆயிரம் ஆண்டு வரலாறு இவ்வட்டாரத்துக்குக் கற்பிப்பது இதுவே. குழந்தை வளர்ச்சியின் வரிசையை அறிந்த மரபும், நோயுற்றோருக்குச் சாலை அமைத்த அரசும், நாள்தோறும் நீவிவிட்ட பாட்டியின் கைகளும் தனித்தனியே இருந்தபோது, தாமதமாக வளர்ந்த குழந்தைக்குப் பயன் கிட்டவில்லை. அவை ஒன்றுசேர்ந்தபோதுதான் சிகிச்சை பிறந்தது. இனிச் செய்ய வேண்டியவை தெளிவானவை. பரிசோதனை எடை போடும் நாளிலேயே நடக்க வேண்டும்; ஐயம் எழுந்ததும் சான்றிதழுக்குக் காத்திராமல் பயிற்சி தொடங்க வேண்டும்; இயன்முறை மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் மாவட்டத் தலைநகரில் மட்டும் அமர்ந்திராமல் செயங்கொண்டம் போன்ற ஊர்களுக்கு வாரந்தோறும் வர வேண்டும்; குழந்தையோடு தாய் செலவிடும் பயிற்சி நாளுக்கு அவள் இழக்கும் கூலி ஈடுசெய்யப்பட வேண்டும். எழுதப்படாத காலம் முதல் இக்குழந்தைகளைத் தனியே சுமந்துவந்த தாய்மாரின் உழைப்பைச் சிகிச்சையின் ஒரு பகுதியாக ஏற்று, அதற்குரிய ஊதியத்தையும் மதிப்பையும் அளிப்பது, இம்மண்ணை ஆளும் எவ்வரசுக்கும் உரிய கடமையாகும்.